ஓசூரைத் தாண்டினால் நம் குடும்ப அட்டை செல்லுமா?

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

“ஐயா, எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கத்துக்குப் பக்கம். என் கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். இந்த வருடம் நானும் இரண்டு பிள்ளைகளும் அவருடன் போய்விடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு மூன்று வயது. மாமியார் மட்டும் ஊரில் இருப்பார். அட்டையில் அவர்தான் குடும்பத் தலைவி. அவருக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத் தொகையும் வருகிறது. அட்டையில் நான்கு பேர் பெயர் இருக்கிறது. மகன் பெயரை இன்னும் சேர்க்கவில்லை. என் கணவர் அங்கே ஒரு ரேஷன் கடையில் எங்கள் அட்டையைக் காட்டியபோது, ‘இது தமிழ்நாட்டு அட்டை, இங்கே செல்லாது’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடையில் அரிசி கிலோ 55 ரூபாய் கொடுத்து வாங்குகிறார். ஊரில் இருக்கும் அட்டையை ஒப்படைத்துவிட்டு அங்கே புது அட்டை எடுங்கள் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். நாங்கள் அங்கே அரிசி வாங்கினால் மாமியாருக்கு ஊரில் வெட்டு விழுமா? என்ன செய்வது என்று சொல்லுங்கள்.”

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அட்டையை ஒப்படைக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள். வட்ட வழங்கல் அலுவலராகப் பணியாற்றிய காலத்தில், வெளியூர் போகிறோம் என்று அட்டையைக் கொடுத்துவிட்டு, பிறகு இரண்டு பக்கமும் இல்லாமல் அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு அந்த நிலை வரவேண்டிய அவசியமே இல்லை.

தமிழ்நாட்டு அட்டை என்பதற்காகவே செல்லாது என்று உங்கள் கணவரிடம் கடைக்காரர் சொன்னது தவறு. ஒரு மாநிலத்து அட்டையை வைத்து வேறு மாநிலக் கடையிலும் வாங்க வழிசெய்யும் ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ என்ற ஏற்பாடு 2019 ஆகஸ்டில் ஆந்திரம்–தெலங்கானா, மகாராஷ்டிரம்–குஜராத் என்று இரண்டு ஜோடி மாநிலங்களுக்கு இடையே தொடங்கியது. கர்நாடகம் 2020 ஜனவரியிலும் தமிழ்நாடு 2020 அக்டோபரிலும் சேர்ந்துவிட்டன. கடைசியாக 2022 ஜூனில் அசாமும் சேர்ந்ததோடு நாடு முழுவதும் இதற்குள் வந்துவிட்டது. 2020 ஊரடங்கின்போது வேலைக்குப் போன இடத்தில் சோறு இல்லாமல் லட்சக்கணக்கானவர்கள் சொந்த ஊரைப் பார்த்து நடந்தார்களே, அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றமே இதில் தலையிட்டது. இன்னும் சேராத மாநிலங்கள் 2021 ஜூலை 31-க்குள் இதை நடைமுறைப்படுத்தியாக வேண்டும் என்று 2021 ஜூன் 29 அன்று உத்தரவிட்டது. ஆகவே உங்கள் கணவர் அந்தக் கடையில் கேட்டது சலுகை அல்ல, அவருக்கு உரியது.

ஆனால் இங்கே ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. நம் மக்களில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. தெரியாததற்குக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லோருக்கும் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். பக்கத்து வீட்டு அட்டையும் உங்கள் அட்டையும் ஒரே கடையில், ஒரே மூட்டையிலிருந்து அரிசி வாங்குகின்றன. அதனால் எல்லா அட்டையும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த அரிசி இரண்டு கணக்குகளில் வருகிறது. ஒரு பகுதி, 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய அரசு தரும் தானியம். முன்னுரிமைக் குடும்பம் என்றால் ஆளுக்கு மாதம் 5 கிலோ. மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டை என்றால் குடும்பத்துக்கு 35 கிலோ. இந்தச் சட்டத்துக்குள் வராத குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு தன் செலவில் அரிசி தருகிறது. ஊரில் இருக்கும்வரை இந்த வேறுபாட்டால் உங்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. மாநில எல்லையைத் தாண்டிய நிமிடத்தில் இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஏனென்றால் எல்லை தாண்டி உங்களுடன் வருவது மத்திய அரசின் தானியம் மட்டும்தான்.

எனவே இன்றைக்கே உங்கள் ஸ்மார்ட் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் அட்டையின் வகை ஆங்கிலச் சுருக்கெழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பி.எச்.எச். என்று இருந்தால் முன்னுரிமைக் குடும்பம். அதோடு ஏ.ஏ.ஒய். என்று சேர்ந்திருந்தால் அந்தியோதயா. இந்த இரண்டு வகையும் பெங்களூரில் செல்லும். அதற்கு முன்னால் ‘என்’ சேர்ந்து என்.பி.எச்.எச். என்று இருந்தால் அது முன்னுரிமையற்ற குடும்பம். அந்த அட்டைக்குக் கர்நாடகத்தில் ஒரு கிலோகூடக் கிடைக்காது. கடைக்காரரிடம் சண்டை போட்டும் பயனில்லை, இயந்திரமே மறுத்துவிடும். தமிழ்நாட்டு அட்டைகளில் ஏறக்குறையப் பாதி இந்த வகைதான். உங்கள் அட்டை எந்த வகை என்று கடிதத்தில் எழுதவில்லை. உங்கள் கணவரைத் திருப்பி அனுப்பியதற்கு இதுவே காரணமாக இருக்கவும் கூடும். ஆகவே முதலில் இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

முன்னுரிமை அட்டை என்று வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

இப்போது அட்டையில் நான்கு பெயர் இருப்பதால் மத்திய அரசின் கணக்கில் உங்கள் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ. மகன் பெயரைச் சேர்த்துவிட்டால் 25 கிலோ. இந்தச் சட்டத்தில் பெரியவர், குழந்தை என்ற வேறுபாடு இல்லை, மூன்று வயதுப் பிள்ளைக்கும் அதே 5 கிலோதான். மூன்று வருடமாக அவன் பங்கு வராமல் போயிருக்கிறது, அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. புறப்படும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆதார் எடுக்கக் கைரேகை தேவையில்லை. பெற்றோரில் ஒருவரின் ஆதாரோடு இணைத்து எடுத்துக்கொடுத்துவிடுவார்கள். அந்த ஆதாரும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருந்தால் இ-சேவை மையத்தில் பெயர் சேர்க்க விண்ணப்பித்துவிடலாம். வட்ட வழங்கல் அலுவலகம் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்கும். தாமதமானால் நேரில் போய்க் கேளுங்கள். இரண்டாவது சனிக்கிழமைகளில் நடக்கும் பொது விநியோகத் திட்டக் குறைதீர் முகாமிலும் மனுக் கொடுக்கலாம்.

அடுத்து உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நீங்கள் அங்கே வாங்கினால் மாமியாருக்கு வெட்டு விழுமா? விழாது, ஆனால் இரண்டு இடத்திலும் சேர்த்து ஒரே கணக்குதான். 25 கிலோவில் நீங்கள் பெங்களூரில் 18 கிலோ வாங்கினால் மீதி 7 கிலோவை அவர் ஊரில் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு இடங்களில் பிரித்து வாங்குவதற்காகத்தான் இந்த ஏற்பாட்டையே செய்திருக்கிறார்கள். யார் முதலில் வாங்குகிறார்கள் என்பதில்தான் சிக்கல் வரும். மாமியார் மாதத் தொடக்கத்தில் கடைக்குப் போய் விரலை வைத்தால், விற்பனையாளர் வழக்கம்போல முழு அளவையும் பில் போட்டுவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் அங்கே போய் நின்றால் இயந்திரம் பூஜ்ஜியம் காட்டும். கடைக்காரர் உங்களை ஏமாற்றுகிறார் என்று நினைத்துச் சண்டை வரும். ஆகவே மாமியாரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போங்கள்: “எனக்கு இந்த மாதம் இத்தனை கிலோ மட்டும் போடுங்கள்” என்று அவர் விரல் வைப்பதற்கு முன்பே சொல்ல வேண்டும். ஊர் விற்பனையாளரிடமும் நீங்கள் ஒருமுறை நேரில் போய் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். தெரிந்தவராகத்தான் இருப்பார், சொன்னால் நினைவில் வைத்துக்கொள்வார்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், மாமியாருக்குரிய 5 கிலோவோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு மூன்று கிலோவை அவருக்கு விட்டுவிடுவேன். வயதானவர் தனியாக இருக்கிறார், நீங்கள் ஊருக்கு வரும் நாட்களில் சமைக்கவும் அரிசி வேண்டும். மீதி 17, 18 கிலோவை அங்கே வாங்கினாலே, கிலோ 55 ரூபாய்க் கணக்கில் மாதம் 900 ரூபாய்க்கு மேல் மிச்சம். பெங்களூர் வாடகையில் அது சின்னத் தொகை அல்ல.

பருப்பு, பாமாயில், சர்க்கரை ஆகியவை பெங்களூருக்கு வராது. கிலோ 30 ரூபாய்த் துவரம் பருப்பும் லிட்டர் 25 ரூபாய்ப் பாமாயிலும் தமிழ்நாடு அரசின் சொந்தத் திட்டம். அவற்றைத் தமிழ்நாட்டுக் கடையில்தான் வாங்க முடியும். மாமியார் ஊரில் அவற்றைத் தொடர்ந்து வாங்கலாம், நீங்கள் வெளியே இருப்பதால் அது நிற்காது. யாராவது பெங்களூர் வரும்போது கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். பொங்கல் பரிசு அறிவிக்கும் ஆண்டுகளில் அதுவும் அட்டையை வைத்து உங்கள் ஊர்க் கடையில்தான் கிடைக்கும். 2023 செப்டம்பரில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையும் குடும்ப அட்டையை அடிப்படையாக வைத்துத் தேர்வு செய்ததுதான். அட்டையை ஒப்படைக்காதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதெல்லாம் காரணம். அட்டை போனால் அரிசி மட்டும் போவதில்லை.

சரி, ஒப்படைத்துவிட்டுக் கர்நாடகத்தில் புது அட்டை வாங்கினால் என்ன? அங்கேயும் மாநில அரசு கூடுதலாக உணவுப் பொருள் தருகிறது, அன்னபாக்ய திட்டத்தில் அந்த மாநில அட்டைக்காரர்களுக்கு மத்திய அரசின் 5 கிலோவுக்கு மேல் இன்னொரு பங்கு உண்டு. உங்கள் கணவரின் நண்பர்கள் அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்தச் சட்டத்தில் பயன்பெறுபவர்கள் இத்தனை பேர் என்று ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அதை இன்றுவரை 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துத்தான் போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணிக்கை நிரம்பிக் கிடக்கும்போது வாடகை வீட்டில் இருக்கும் வெளிமாநிலக் குடும்பத்துக்குப் புது அட்டை எப்போது கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்தவர்களில் அட்டை இல்லாதவர்களுக்கு அட்டை கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2023-லும் 2024-லும் மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஆனால் அது அட்டையே இல்லாதவர்களுக்கான வழி. உங்களிடம் செல்லுபடியாகும் அட்டை இருக்கிறது. அங்கேயே வீடு வாங்கி, மாமியாரையும் அழைத்துக்கொண்டு, இனி ஊருக்குத் திரும்புவதில்லை என்று முடிவாகும் நாளில் இதைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் இங்கே பெயர் நீக்கல் சான்று வாங்கிக்கொண்டுதான் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு மாநிலத்திலும் அட்டை வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், ஆதார் எண் இரண்டு இடத்திலும் இருப்பது உடனே தெரிந்துவிடும், கடைசியில் இரண்டும் போய்விடும்.

இப்போது பெங்களூர்க் கடையில் எப்படி வாங்குவது என்று சொல்கிறேன். கடைப் பலகையில் கன்னடத்தில் ‘நியாயபெலெ அங்கடி’ என்று எழுதியிருக்கும், நம் நியாயவிலைக் கடைதான். எந்தக் கடையாக இருந்தாலும் சரி, உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடையைத் தேர்ந்துகொள்ளுங்கள். முன்கூட்டிப் பதிவு எதுவும் தேவையில்லை, முகவரிச் சான்றும் தேவையில்லை. அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ சொன்னால் போதும், அட்டையைக் கொண்டுபோகவேண்டிய கட்டாயம்கூட இல்லை. அட்டை மாமியார் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவி நேரில் வர வேண்டும் என்று யாராவது சொன்னால் அதுவும் தவறு. அட்டையில் பெயரும் ஆதாரும் இணைந்திருக்கும் எவரும் விரல் வைத்து வாங்கலாம்.

உங்கள் கணவர் கட்டட வேலை செய்பவர் என்பதால் இதை எழுதுகிறேன். சிமென்டும் சுண்ணாம்பும் நாள்தோறும் படும் கைகளில் ரேகை தேய்ந்துவிடும். இயந்திரத்தில் விரலை வைத்தால் பச்சை விளக்கு எரியாது. ஒரு விரல், அடுத்த விரல், அடுத்த கை என்று மாற்றி மாற்றி வைத்தும் ‘பொருந்தவில்லை’ என்றே வரும். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், கடைக்காரர் “நாளைக்கு வா” என்பார். அந்த அவமானத்துக்குப் பயந்தே பல தொழிலாளர்கள் கடைப் பக்கம் போவதில்லை. ஆகவே கடைக்கு நீங்கள் போங்கள், உங்கள் விரலை வையுங்கள். கை கழுவித் துடைத்து, சற்று ஈரப்பதம் இருக்கும்போது வைத்தால் ரேகை எளிதாகப் பதியும். உங்கள் விரலுக்கும் இயந்திரம் மசியவில்லை என்றால் கண் கருவிழிப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டு மாதம் தொடர்ந்து சிக்கல் வந்தால் ஆதார் மையத்தில் கைரேகையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். அங்கேயே உங்கள் கைபேசி எண் ஆதாரில் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அரிசிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2023 ஜனவரி முதல் இந்தச் சட்டத்தின் கீழ் தானியம் முழுக்க இலவசம், 2024 ஜனவரியிலிருந்து இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டித்திருக்கிறார்கள். வெளிமாநில அட்டைக்குக் கட்டணம் என்று எதுவும் கிடையாது, யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள். கிடைக்கும் தானியம் அந்த மாநிலத்தில் அந்த மாதம் என்ன விநியோகிக்கிறார்களோ அதுதான். புழுங்கல் அரிசி கேட்டுப் பிடிவாதம் பிடிக்க முடியாது, பச்சரிசியாக இருக்கலாம். கர்நாடகத்தின் தென்பகுதியில் அரிசியோடு ராகியும் கலந்து தருவது வழக்கம். செங்கத்துக்காரர்களுக்குக் கேழ்வரகுக் களியும் கூழும் புதிதல்லவே, வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். அரிசியில் ஆங்காங்கே நிறம் சற்று மாறிய மணிகள் தெரியலாம். அது பிளாஸ்டிக் அரிசி என்று பரவும் வதந்தியை நம்பி அவற்றைப் பொறுக்கி எறியாதீர்கள். இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட மணிகள் அவை. நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் கலந்தவை.

கடைக்காரர் மறுத்தால் என்ன செய்வது? அவர் மறுப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லை, இருப்புக் கவலைதான் இருக்கிறது. அவருக்கு வரும் மூட்டை அவர் கடையில் பதிவான அட்டைகளின் கணக்கில் வருகிறது. வெளியூர்க்காரருக்குக் கொடுத்துவிட்டால் மாதக் கடைசியில் தன் வாடிக்கையாளருக்கு இல்லாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறார். இப்படிக் கொடுத்ததற்கு ஈடாகச் சரக்கு கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அது வந்துசேரும்வரை திட்டு வாங்குபவர் அவர்தானே. இதைப் புரிந்துகொண்டு, மாதத்தின் முதல் பாதியிலேயே கடைக்குப் போங்கள். கூட்டம் இல்லாத நேரத்தில் போய், “தமிழ்நாட்டு முன்னுரிமை அட்டை, ஒரே நாடு ஒரே ரேஷன், எண்ணைப் போட்டுப் பாருங்கள்” என்று சொல்லுங்கள். பெங்களூர்க் கடைக்காரர்களில் பலருக்குத் தமிழ் புரியும். எண்ணைப் போட்டுவிட்டால் உங்கள் குடும்ப உறுப்பினர் பெயர்களும் மீதமுள்ள அளவும் திரையில் வந்துவிடும், அதற்குப் பிறகு பேச்சுக்கு இடமில்லை. ஒரே கடையில் மாதாமாதம் வாங்கினால் முகம் பழகிவிடும், மூன்றாவது மாதத்தில் அவரே உங்களை அழைத்துக் கொடுப்பார்.

அப்படியும் எண்ணையே போட்டுப் பார்க்க மறுத்தால் இரண்டு தொலைபேசி எண்கள் இருக்கின்றன. 14445 என்பது இந்தத் திட்டத்துக்கென்றே உள்ள கட்டணமில்லா உதவி எண். 1967 மாநில உணவுத் துறையின் எண், கர்நாடகத்தில் நின்று அழைத்தால் கர்நாடகத் துறைக்குப் போகும். கடையின் எண், தேதி, நேரம், என்ன சொல்லி மறுத்தார் என்பதை எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். கடை எண் பலகையிலேயே இருக்கும். பல நேரங்களில் கடை வாசலில் நின்று அழைத்தாலே வேலை முடிந்துவிடுகிறது. அதற்கு மேலும் போக வேண்டியிருந்தால், உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரும், மாநில அளவில் உணவு ஆணையமும் இருக்கின்றன. எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தானியம் தர முடியாவிட்டால் அதற்குப் பதிலாகப் பணம் தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதை எளிதில் வாங்க முடியாது என்றாலும், புகாரில் எழுதுவதற்கு அது நல்ல ஆயுதம்.

இங்கே ஒரு வார்த்தை. திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை செய்யும் பிகார், ஒடிசாத் தொழிலாளர்களுக்கும் நம் கடைகளில் இதே உரிமை இருக்கிறது. நம் விற்பனையாளர்களிலும் சிலர் “இங்கே செல்லாது” என்று அவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். உங்கள் கணவருக்குப் பெங்களூரில் எது வலித்ததோ அதுதான் அவர்களுக்கும் வலிக்கிறது. இதைப் படிக்கும் விற்பனையாளர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து அவர்கள் சொல்லும் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு முறை பில் போடும்போதும் அட்டையில் பதிவான கைபேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும். உங்கள் அட்டையில் எந்த எண் பதிவாகியிருக்கிறது? பழைய எண்ணாக இருந்தால் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். ஆள் ஊரில் இல்லை என்று தெரிந்தால் வாங்காத பொருளுக்கு பில் போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது என்பதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தால், ஊரில் இருக்கும் மாமியார் மூலமாகத் தமிழ்நாட்டின் 1967-க்குச் சொல்லுங்கள். ‘மேரா ரேஷன்’ என்ற செயலியிலும் இந்த மாதம் எவ்வளவு வாங்கியிருக்கிறது, எங்கே வாங்கியது என்பதைப் பார்க்கலாம்.

புறப்படும் முன் இன்னொன்று. அட்டையில் உள்ளவர்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை தவிர எல்லோரும் ஒருமுறை கைரேகை வைத்து, ஆதாரோடு ஒப்பிட்டு அடையாளத்தை உறுதிசெய்யும் இ-கேஒய்சி முடித்திருக்க வேண்டும். உங்கள் கணவர் வெளியூரில் இருப்பதால் அவருடையது விடுபட்டிருக்கலாம். அதற்காக அவர் ஒரு நாள் கூலியை விட்டு ஊருக்கு வரத் தேவையில்லை. பெங்களூரில் உள்ள நியாயவிலைக் கடையிலேயே செய்துகொள்ளலாம். இதை முடிக்காமல் விட்டால் பெயர் நிறுத்தி வைக்கப்படும் ஆபத்து உண்டு. 2025 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஆறு மாதம் தொடர்ந்து ஒன்றுமே வாங்காத அட்டைகளைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு விசாரிப்பார்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, மாமியார் ஊரில் வாங்கிக்கொண்டிருப்பார். ஆனால் உங்கள் ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள் இருப்பார்களே, அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். போன இடத்தில் ஒவ்வொரு மாதமும் கொஞ்சமாவது வாங்கினால் அட்டை உயிரோடு இருக்கும்.

பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், அரசு தரும் உணவு ரேஷன் கடையோடு முடிவதில்லை. மூன்று வயது மகனுக்கு ஆறு வயதுவரை அங்கன்வாடியில் சத்துணவு உரிமை இருக்கிறது, பெங்களூரிலும் இருக்கிறது. ஊர் அங்கன்வாடிப் பணியாளரிடம் இடம் மாறுவதைச் சொல்லிவிட்டுப் போனால், போஷன் டிராக்கர் செயலியில் அவன் பதிவை அங்குள்ள மையத்துக்கு மாற்ற வழி உண்டு. சொல்லாமல் போனாலும் அங்கே ஆதாரைக் காட்டிச் சேர்க்கலாம். மகளை அரசுப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள், மதிய உணவு அங்கேயும் உண்டு, பாலும் தருகிறார்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. கட்டடம் நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் தங்கும் குடும்பங்களில் பிள்ளைகள் பள்ளிக்கும் போகாமல், மதியச் சாப்பாடும் இல்லாமல் மணல் மேட்டில் விளையாடிக்கொண்டிருப்பதுதான் எனக்குப் பெரிய கவலை. வீடு பார்க்கும்போதே பள்ளியும் அங்கன்வாடியும் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

வீடு பார்ப்பது பற்றிப் பேச்சு வந்ததால், இன்னொரு வாய்ப்பு. உங்கள் கணவருக்கு வேலை பெங்களூரின் தென்கோடியில், அத்திப்பள்ளி, சந்தாபுரம் பக்கம் என்றால், குடும்பத்தை ஓசூரில் வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசியுங்கள். ஓசூர் தமிழ்நாடு. மாநிலத்துக்குள் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்பதால், இருப்பு இருக்கும்வரை பருப்பும் எண்ணெயும்கூடக் கிடைக்கும். உங்கள் அட்டை ஒருவேளை என்.பி.எச்.எச். வகையாக இருந்துவிட்டால் இந்த யோசனை இன்னும் முக்கியமாகிறது. அப்படியிருந்தால், வகை மாற்றம் கேட்டு வட்ட வழங்கல் அலுவலரிடம் மனுவும் கொடுத்துவிடுங்கள். கூலி வேலை, சொந்த நிலம் இல்லை, வீட்டில் முதியவர் என்ற விவரங்களைச் சான்றுகளோடு எழுதுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது.

கடைசியாக மாமியாரை ஒருமுறை கடைக்கு அழைத்துப் போய், அவர் தனியாக விரல் வைத்து வாங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். இதுவரை நீங்கள் விரல் வைத்து வாங்கியிருப்பீர்கள், அவர் ரேகை பதிகிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பதியவில்லை என்றாலோ அவரால் நடந்து போக முடியவில்லை என்றாலோ, தனக்குப் பதிலாக இன்னார் வாங்கலாம் என்று எழுதிக்கொடுக்கும் அங்கீகாரச் சான்றுப் படிவம் கடையிலேயே கிடைக்கும். நம்பிக்கையான ஒரு உறவுக்காரர் பெயரை அதில் எழுதி, நீங்கள் ஊரில் இருக்கும்போதே ஒப்புதல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.